எட்டாவது பெஞ்சின் திசை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, கரீபியன் கடலிலுள்ள கரியக்கூ தீவின் பாஸ்டியன் குடாவில், மாதா கோயிலுக்குப் பின்புறமுள்ள கூடத்தில், கடலடி அருங்காட்சியகக் குழு கூடியது. உறுப்பினர் ஐவரும் வந்திருந்தனர். எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அறுபத்தொரு வயதான தையற்காரி கிளெமென்சியா பெடோ, எட்டாவது பெஞ்சில் அமர்ந்திருக்கும் தம் கணவர் கனூட்டின் சிலையைக் கடலிலிருந்து எடுத்துத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தார்.

அந்தச் சிலை யாருடைய கற்பனையிலும் பிறந்ததன்று. 2013இல் சிற்பி ஒருவர் வந்து, ஊர்க்காரர் இருபது பேரின் உடம்பில் சுண்ணக் கலவையைப் பூசி அச்செடுத்து, அவர்களை அப்படியே சிமெண்டில் வார்த்தார். படகுத் துறையில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களைப் போல, ஒரு பெஞ்சுக்கு இருவராகப் பத்துப் பெஞ்சுகள். அவற்றைக் கொண்டுபோய், புல் பூண்டு இல்லாத வெறும் மணலில், மூன்று பாகம், அதாவது பதினெட்டடி ஆழத்தில் இறக்கினார்கள். பவளம் பற்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும், உல்லாசப் படகுகளில் வந்து முக்குளிப்பவர்களும் பழைய பவளப் பாறையை மிதிக்காமல் இங்கே வருவார்கள் என்பது திட்டம். திட்டம் பலித்தது. எட்டாவது பெஞ்சில் கனூட்டும் அவருடைய கூட்டாளி செபதி கட்ஜோவும் அருகருகே அமர்ந்தார்கள்.

2016 நவம்பரில் கனூட் மீன்பிடிக்கப் போனார். அவருடைய துடுப்பு ஒன்று மட்டும் திரும்பி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாததால் குழி இல்லை. குழி இல்லாததால் கல்லும் இல்லை.

கரியக்கூவில் ஒருவருடைய சாவு அவர் இறந்த நாளில் முடிவதில்லை. கல் நாட்டி, அந்தக் கல்லை நீராலும் ரம்மாலும் நனைத்து, வந்தவர்க்கெல்லாம் சோளக்களியும் ஆட்டிறைச்சியும் படைத்த பிறகே அது முடியும். அதுவரை போனவர் போனவராக இருப்பதில்லை. பிப்ரவரி மாதத்தில் மூன்று முறை கிளெமென்சியாவின் கனவில் கனூட் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்; முன்னால் தட்டு இருந்தும் தொடவில்லை. அதற்கு என்ன பொருள் என்பதைத் தீவில் எவரும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மத்தவங்க எல்லாம் கல்லுல பேரை வெட்டி வைக்கறாங்க. எனக்கு அவரே கல்லா இருக்காரு. அதை எடுத்துக் கல்லறைத் தோட்டத்துல வைக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார் கிளெமென்சியா.

அருங்காட்சியகத்தின் காவலரான நாரிஸ் பெடோ, கனூட்டின் சித்தப்பா மகன். நாற்பத்து நான்கு வயது. வாரத்தில் ஆறு நாள் தண்ணீருக்கடியில் இருப்பவன். அவன் கைகளைப் பிசைந்துகொண்டு எழுந்தான்.

"அண்ணி, அது ஒண்ணரை டன். தூக்கினா செபதி அண்ணனையும் சேர்த்துத்தான் தூக்கணும். ரெண்டு பேரும் ஒரே வார்ப்பு."

"செபதி எனக்கு வேண்டாம். அவரு பொண்டாட்டிக்கே வேண்டாம்."

கூடம் சிரித்தது. குழுவில் மீனவர்களின் சார்பாக அமர்ந்திருந்த செபதிதான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார். அறுபத்தாறு வயது, பெரிய தொந்தி. தம்முடைய சிலையைப் பற்றிப் பேசுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது.

"மேல இருக்கற செபதியை யாரும் மதிக்கறதில்ல, சரி. கீழ இருக்கறவன் கதையே வேற. போன வாரம் ஒரு சிங்கி இறால் குடும்பத்தோட வந்து என் காலுக்கு நடுவுல குடியேறியிருக்கு."

"அங்கயாவது ஏதோ அசையுதேன்னு சந்தோஷப்படு" என்றார் பின்வரிசையிலிருந்த அவருடைய மனைவி.

முன்னாள் அஞ்சலக அதிகாரியும் குழுத் தலைவருமான அயோனா ஸ்டீல் மேசையை இரண்டு முறை தட்டினார். சிரிப்பு நின்றது.

"நீ பேசு நாரிஸ்."

"வெளிய எடுத்தா அதுமேல இருக்கறது எல்லாம் செத்துப்போகும். ரெண்டு நாள்ல நாறும். பன்னெண்டு வருஷமா வளர்ந்தது அண்ணி."

"தேய்ச்சுக் கழுவிட்டாப் போச்சு. துணியில கறை பட்டா துணியையா தூக்கி எறியறோம்?"

"அது கறை இல்ல அண்ணி."

கிளெமென்சியாவுக்கு வேண்டியது கணவர். கணவர்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவாயினும் அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

"கிளெமென்சியா, நீ அந்தச் சிலையைப் பார்த்திருக்கியா?" என்று அயோனா கேட்டார்.

"வார்த்த அன்னிக்குப் பார்த்தேன்."

"தண்ணிக்குள்ள?"

அந்தத் துடுப்பு கரைக்கு வந்த நாளிலிருந்து அவர் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. பெரிய தீவிலிருக்கும் தங்கையின் மகள் கலியாணத்துக்கும் போகவில்லை.

"இல்ல."

"பார்க்காத பொருளைக் கேக்கறதும் தப்பு, பார்க்காதவளுக்குக் குடுக்கறதும் தப்பு. முதல்ல போய்ப் பாரு. அடுத்த செவ்வாய் இதே நேரத்துக்குக் கூடுவோம்" என்று சொல்லி அயோனா ஏட்டை மூடினார்.

வியாழக்கிழமை காலை கடல், தட்டில் ஊற்றிய எண்ணெயைப்போல் அசையாமல் கிடந்தது. செபதி தம்முடைய சிறிய படகைக் கொண்டுவந்தார். நாரிஸ் முன்னதாகவே நீந்திப் போய் மிதவையருகே காத்திருந்தான். கிளெமென்சியா கோயிலுக்குப் போகும் வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிந்து, கரையில் நின்று படகின் விளிம்பை நெடுநேரம் பார்த்தார். செபதி அவசரப்படுத்தவில்லை. அவரால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"காலை வை கிளெமென்சியா. கவுந்தா நான்தான் முதல்ல முங்குவேன். என் எடைக்கு அதுதான் நியாயம்."

"நீ முங்க மாட்டே. மிதப்பே" என்று சொல்லிக் கிளெமென்சியா காலை வைத்துவிட்டார்.

குடாவின் வாய் மேற்கே திறந்திருந்தது. முதுகுப்பக்கம் குன்று, குன்றுக்கு மேலே அப்போதுதான் எழும்பிய சூரியன். மிதவையை அடைந்ததும், சங்குக்கும் சிங்கி இறாலுக்கும் கடலடியைத் துழாவ மீனவர்கள் வைத்திருக்கும், அடியில் கண்ணாடி பதித்த வாளியைச் செபதி எடுத்துக் கொடுத்தார். கிளெமென்சியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, வாளியைத் தண்ணீரில் அழுத்தி, முகத்தை அதனுள் நுழைத்தார்.

முதலில் நீலம் மட்டுமே தெரிந்தது. பிறகு மணல் தெரிந்தது. பிறகு, யாரோ திரையை விலக்கியதுபோல், பெஞ்சுகள் தெரிந்தன.

ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையில் ஊதாநிறக் கடல்விசிறி விரிந்து, விழாவுக்குப் புறப்பட்டவளின் தொப்பிபோல் ஆடியது. ஒருவர் மடியில் கடல் முள்ளெலிகள் கறுப்பு ஊசிகளை அசைத்தன. நீல மீன்கள் பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, முதுகுப் பக்கமாக வெளியேறி, மறுபடியும் நுழைந்தன. கிளிமீன் ஒன்று எவருடைய முழங்கையையோ கொறித்துக்கொண்டிருந்தது. கொறிக்கும் சத்தம் வாளியின் சுவர்வழியே காதில் விழுந்தது. முகங்களைத் தேடினார், ஒரு முகமும் இல்லை. எல்லா முகங்களின் மேலும் கடற்பஞ்சும் பவளமும் படர்ந்திருந்தன.

"எட்டாவது எது?" என்று தலையை எடுக்காமலே கேட்டார்.

"என் தொந்தியைத் தேடு. தப்பாது" என்றார் செபதி.

தொந்தி தெரிந்தது. அதன் அருகே இருந்தவரை அடையாளம் காணக் கிளெமென்சியாவுக்கு முகம் தேவைப்படவில்லை. கனூட்டின் இடத் தோள் வலத் தோளைவிட அரை அங்குலம் இறக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த அரை அங்குலத்தைச் சட்டையில் சரிக்கட்டி வெட்டியவர் அவர். நெஞ்சில் ஆரஞ்சு நிறப் பஞ்சு படர்ந்திருந்தபோதும், கழுத்தில் மூளைபோல மடிப்பு மடிப்பாகப் பவளம் ஏறியிருந்தபோதும், தோள் அங்கேயே இருந்தது. அவர் வாளியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

நாரிஸ் கீழே இறங்கினான். கனூட்டின் முழங்காலை நோக்கிக் கையை நீட்டினான். உடனே உள்ளங்கை அளவே உள்ள மஞ்சள் மீன் ஒன்று, உடம்பில் ஐந்து கறுப்பு வரிகளோடு, எங்கிருந்தோ பாய்ந்து அவன் விரலைக் கடித்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான். மீன் விடவில்லை, துரத்திப் போய் இன்னொரு கடி கடித்துவிட்டு முழங்காலுக்குத் திரும்பியது. அந்த முழங்காலில் கருஞ்சிவப்பாக, தைத்த பட்டுத் துண்டுபோல், ஏதோ ஒட்டியிருந்தது.

நாரிஸ் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விரலை உறிஞ்சினான்.

"முட்டை அண்ணி. ஆண் மீனுதான் காவல். பொரிக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் சுறா வந்தாலும் கடிக்கும்."

"கடிக்கட்டும். நீ எதுக்குக் கையை வைக்கறே?"

கிளெமென்சியா மீண்டும் வாளிக்குள் முகத்தைப் புதைத்தார். இம்முறை வெட்டுமேசையில் விரித்த துணியைப் பார்ப்பதுபோல், மூலைக்கு மூலை ஒழுங்காகப் பார்த்தார். ஒன்பது பெஞ்சுகளில் இருந்தவர்கள் குன்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது பெஞ்சில் இருந்த இருவர் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திறந்த கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையை எடுத்துச் சூரியனைப் பார்த்தார். குனிந்து பெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் சூரியனைப் பார்த்தார்.

"நாரிஸ்."

"அண்ணி?"

"உன் அண்ணன் ஏன் மேற்கைப் பார்த்து உக்காந்திருக்காரு?"

நாரிஸ் முதலில் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை. பிறகு சொன்னான். போன ஜூலைப் புயலில் அந்த ஒரு பெஞ்சு மட்டும் கவிழ்ந்தது. அக்டோபரில் அவனும் இன்னும் மூவரும் காற்றுப் பைகளைக் கட்டி அதை நிமிர்த்தினார்கள். புயலுக்குப் பிறகு மிதவை மேற்குப் பக்கம் மாறிவிட்டது. முக்குளிக்க வருபவர்களுக்கு எல்லாருடைய முதுகும்தான் முதலில் தெரிந்தது. ஆகவே நிமிர்த்திய பெஞ்சையாவது திருப்பி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

"வர்றவங்களுக்கு முகம் தெரியட்டும்னு..."

"முகமே இல்லையேடா. பஞ்சுதானே தெரியுது. எந்த முகத்தைக் காட்டத் திருப்பினே?"

நாரிஸ் தண்ணீரில் மிதந்தபடியே தலைகுனிந்தான். தீவின் கல்லறைகளில் ஒவ்வொருவரும் எழுந்து உட்கார்ந்தால் விடியலைப் பார்க்கும்படிதான் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். அவனுடைய தாயும் தகப்பனும் அப்படித்தான் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் குழி வெட்டும்போது கயிறு பிடித்துத் திசை பார்த்தவன் அவனே. சிமெண்டும் மிதவையும் பார்வையாளரும் என்று அக்டோபர் முழுவதும் ஓடியதில், தூக்கி வைப்பது யாரை என்பது அவனுக்கு மறந்துபோயிற்று.

"அது கல்லறை இல்லேன்னு நினைச்சுட்டேன் அண்ணி."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் கிளெமென்சியா.

திரும்பும் வழியில் பாதித் தூரம் கிளெமென்சியா, கரைக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் ஏன் நாட்டப்படுகிறது? ஆள் இருக்கும் இடத்தைக் காட்ட. கனூட் இருப்பது எங்கே? கடலில். கல்லைக் கரையில் நாட்டினால், கல் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் என்று ஆகிவிடும். எட்டு ஆண்டுகளாக நேர்ந்திருப்பதும் அதுதானே? அதைச் சரிசெய்யப் போய் அதையே நிலைநாட்டுவதா? எவ்வளவு முறை மடித்துப் பார்த்தாலும் இந்தத் துணி ஒரே இடத்தில்தான் மடிந்தது.

"கல்லுதான் ஆளுகிட்ட வரணும். ஆளு கல்லுகிட்ட வரமாட்டாரு" என்றார்.

"அப்போ எடுக்க வேண்டாமா?" என்று செபதி மகிழ்ச்சியோடு கேட்டார்.

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும். ஆனா கிழக்கே திருப்பி வச்சுட்டு, அங்கயே கல் நாட்டணும்."

துடுப்பு நின்றது.

"கிழக்கேயா? கிளெமென்சியா, அந்தப் பெஞ்சுல நானும் இருக்கேன்."

அதன்பின் கரை சேரும்வரை செபதி ஒரு சொல்லும் பேசவில்லை. இதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததாக ஊரில் எவருக்கும் நினைவில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி கூட்டத்தில் கூடம் நிரம்பியிருந்தது. விண்ணப்பம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. அயோனா அதைப் படித்து முடித்ததும் செபதி எழுந்தார். கோயில் உடுப்பில் வந்திருந்தார், சிரிக்கவில்லை.

"எனக்குச் சம்மதம் இல்ல."

"பன்னெண்டு வருஷத்துல பதினோரு வருஷம் நீங்க கிழக்கைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க அண்ணே. ஒண்ணும் ஆகலியே" என்றான் நாரிஸ்.

"ஆச்சே. பருத்துப் போனாரு" என்றது பின்வரிசை.

"அக்டோபர்ல மேற்கே திருப்பினப்புறம்தான் உனக்கு முட்டி வலியே வந்தது" என்று கிளெமென்சியா எடுத்துக்கொடுத்தார்.

செபதி கையை உயர்த்தினார். "அப்போ அது பெஞ்சு. பெஞ்சுல எந்தப் பக்கம் பார்த்து உக்காந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. நீ கல்லை நாட்டிட்டா அது பெஞ்சு இல்ல, கல்லறை. கல்லறையில கிழக்கே பார்த்து உக்காந்திருக்கறவனுக்கு என்ன பேரு? நீயே சொல்லு."

கிளெமென்சியா கேலி செய்யவில்லை. செபதி அஞ்சுவது எதற்கோ அதையே நம்பித்தான் அவர் இந்த விண்ணப்பத்தை எழுதியிருந்தார். தமக்கு வேண்டும்போது மட்டும் அது உண்மை, அடுத்தவர் அஞ்சும்போது பொய் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"வெட்டிப் பிரிக்க முடியுமா?" என்று அயோனா கேட்டார்.

"முடியும். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற பவளம் முழுக்கப் போகும். அந்தக் குடாவுலயே பெரிய துண்டு அதுதான்" என்றான் நாரிஸ். "ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டிக்கிட்டாங்க. இப்போ யார் தோள் எதுன்னே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் கிளெமென்சியா. பிறகு, "வெட்ட வேண்டாம்" என்றார்.

அவர் இருக்கையை விட்டு எழுந்து செபதியின் எதிரே போய் உட்கார்ந்தார்.

"செபதி, என்ன நடக்கும்னு பயப்படறே? சொல்லு. சிரிக்க மாட்டேன்."

"சாவு வருவான்" என்று செபதி தாழ்ந்த குரலில் சொன்னார். "அவன் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். கல்லைப் பார்ப்பான். பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு. இன்னொருத்தன் எங்க விட்டுப்போனான்னு என்னைத் தேடிக்கிட்டுக் கரைக்கு வந்துடுவான்."

"படிக்கத் தெரிஞ்சவன்தானே?"

"நல்லாத் தெரிஞ்சவன்."

"அப்போ அவனுக்குச் சந்தேகம் வராத மாதிரி எழுதிடுவோம். கனூட் பேரை எழுதி, அதுக்குக் கீழ, பக்கத்துல இருக்கறவர் உயிரோட இருக்காருன்னு வெட்டி வைப்போம்."

செபதி யோசித்தார். கூடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதே அளவு எழுத்துல?"

"அதே அளவுல."

"என் பேரு வரக்கூடாது."

"வராது."

"அப்போ சரி" என்றார் செபதி. சிறிது நேரம் கழித்து, "'நலமா'ங்கறதையும் சேர்த்துடு. 'உயிரோடு நலமா இருக்காரு.' இல்லேன்னா அரை உசிருன்னு நினைச்சுக்குவான்" என்றார்.

"முட்டியைப் பத்தியும் எழுதணுமா?" என்று அவர் மனைவி கேட்டார்.

பிறகு நனைக்கும் சடங்கைப் பற்றி ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடலுக்குள் இருக்கும் கல்லை எப்படி நனைப்பது? உலர்ந்த கல்லைத்தானே நனைக்க முடியும்? படகிலிருந்து ரம்மை ஊற்றினால் மீன்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று ஒருவர் சொன்னார். பெயர் வெட்டிய பலகைக் கல்லைக் கரையிலேயே நனைத்துவிட்டுப் பிறகு இறக்கலாம் என்று நாரிஸ் சொன்னபோது, இவ்வளவு நேரம் இது ஏன் எவருக்கும் தோன்றவில்லை என்று அயோனா ஏட்டைப் பார்த்துக் கேட்டார்.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டவை வருமாறு. சிலை கடலிலிருந்து எடுக்கப்படாது. அதன் மேல் வளர்ந்திருக்கும் எதையும் எவரும் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. முழங்காலில் உள்ள முட்டைகள் பொரித்துவிட்டன என்று நாரிஸ் பெடோ நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகு, ஏப்ரல் ஐந்தாம் தேதிக்கு முன்னதாக, எட்டாவது பெஞ்சு மற்ற ஒன்பது பெஞ்சுகளைப்போலக் கிழக்கு நோக்கித் திருப்பப்படும். அந்தச் செலவும் உழைப்பும் குழுவினுடையவை, ஏனெனில் தவறும் குழுவினுடையது. இரண்டடிக்கு ஓரடிப் பலகைக் கல் ஒன்று வழக்கப்படி ஒரு நாள் கிளெமென்சியா பெடோவின் வீட்டுக் கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தி வைக்கப்பட்டு, ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமையன்று கரையில் நனைக்கப்பட்டு, அன்றே கனூட்டின் காலடியில் பதிக்கப்படும். விருந்துக்கு ஊர் முழுவதும் அழைக்கப்படும். கல்லில் கனூட் பெடோவின் பெயரும் ஆண்டுகளும், அவற்றின் கீழே அதே அளவு எழுத்தில், "அருகில் இருப்பவர் உயிரோடு நலமாக இருக்கிறார்" என்ற வரியும் வெட்டப்படும். அந்த வரியை நீக்க வேண்டிய நாள் வரும்போது, செபதி கட்ஜோவின் குடும்பத்தார் எழுத்துமூலம் விண்ணப்பித்தால், குழு அதனைப் பரிசீலிக்கும்.